பழைய காருக்குத் துருத்தடுப்பு: காப்பா? கண்துடைப்பா?

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். பிறகு வேலைக்குப் போக வேண்டும். மாலையில் டியூசன், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை சந்தை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பல குடும்பங்களுக்கு இத்தனைக்கும் இருப்பது ஒரே ஒரு கார். அதுவும் கடன் கட்டி முடித்த பழைய கார். புதுக் கார் வாங்கினால் ஒன்பது ஆண்டுகள் வரைகூட வங்கித் தவணை இழுக்கும். ஆகவே, இருப்பதையே இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்பது பலரின் கணக்கு.

இந்தக் கணக்கைப் பல வேளைகளில் கெடுப்பது இஞ்சின் அல்ல. இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம். கியர் பெட்டியை மாற்றலாம். ஆனால், காரின் அடித்தளமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியும் துருப்பிடித்து இற்றுப் போனால், அந்தக் கார் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

இதைத் தடுக்கத்தான் துருத்தடுப்புப் பூச்சு. 'அண்டர்கோட்' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, சில நூறு ரிங்கிட்டுக்கு இதைச் செய்து தருவதாகச் சொல்லும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு இது பயன் தருமா?

இரண்டு தரப்பு, இரண்டு நியாயம்

இந்தக் கேள்வியை ஓர் அரங்கில் வைத்தால் உடனே இரண்டு அணிகள் பிரிந்துவிடும். "வருமுன் காப்பதே புத்தி. பூச்சு அடித்தால் தண்ணீர் படாது, துரு பிடிக்காது" என்பது ஓர் அணி. "துரு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் கறுப்புப் பூச்சு அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவதுதான்" என்பது மற்றோர் அணி.

இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. எது யாருடைய காருக்குப் பொருந்தும் என்பது அந்தக் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமலே பூசுவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பும், தண்ணீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்று சேர்ந்தால் துரு உண்டாகிறது. மூன்றில் ஒன்றை விலக்கினாலும் துரு நின்றுவிடும். பெயிண்டும் மெழுகும் செய்யும் வேலை இதுதான். தண்ணீரும் காற்றும் இரும்பை நெருங்காமல் தடுக்கின்றன. உப்பு சேர்ந்தால் துரு இன்னும் வேகமாகப் பரவும். ஏனெனில், உப்புத் தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பதே ஒரு நுண்ணிய மின்வேதி மாற்றம்.

துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்டின் அடியில் தொடங்கும் துரு, கொப்புளம் போல் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தத் துருவில் சிறு துவாரங்கள் நிறைந்திருப்பதால், அது பஞ்சு போல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரம் இருக்கும்வரை துரு வளரும். காரின் வெளித் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஓட்டை விழ ஏன் அதிகக் காலம் ஆவதில்லை என்பது விளங்கும்.

நம் ஊர்த் துருவின் குணம்

கனடா, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். குர்ட் சீபார்ட் என்ற மெக்கானிக் 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் துருத்தடுப்பைத் தனித் தொழிலாகத் தொடங்கியதும் இத்தகைய சூழலில்தான்.

நம் சாலைகளில் உப்புத் தூவப்படுவதில்லை. ஆனால், நமக்கு வேறு எதிரிகள் உண்டு. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வெயிலும் குறைவில்லை. சூடும் ஈரமும் கூடினால் துருவுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே, நம் ஊர்க் கார்களில் துரு பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் இடத்தில் தொடங்குகிறது. முன்கண்ணாடியின் ரப்பர் ஓரம், கார்ப்பெட்டின் அடிப்பாகம், ஸ்பேர் டயர் வைக்கும் பள்ளம், கதவின் அடிமடிப்பு ஆகியவை முக்கியமானவை. மரத்தடியில் நிறுத்தும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இலைச் சருகு சேர்ந்து, நீர் வடியும் துளையை அடைத்துக்கொள்ளும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் காற்றோட்டமில்லாத நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில், மழையில் நனைந்து வந்த கார் இரவு முழுவதும் காயாமல் நிற்கும். நனைந்த காரைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைப்பது அதைவிடக் கெடுதல்.

கிள்ளான் பக்கம் கடலின் பங்கும் சேர்ந்துகொள்கிறது. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று வீசுகிறது. பேரலை ஏற்றத்தின்போது தாழ்வான கரையோரச் சாலைகளில் உவர்நீர் ஏறுகிறது. மீன் ஏற்றும் வேன்களின் தளத்தில் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் வழிகிறது. உப்புக் காற்றின் வலிமைக்குத் தமிழ்நாட்டின் பாம்பன் ரயில் பாலமே சாட்சி. 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலம், இடைவிடாத பராமரிப்பால்தான் நூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றது. கடைசியில் துரு அரித்த தூக்குப் பகுதியின் பலவீனத்தால் 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

வெள்ளம் விட்டுச் சென்ற சேறு

2021 டிசம்பர் 18-ஆம் தேதியை ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறக்க மாட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கும் கார்கள் நீரில் மூழ்கின. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நாட்டில் ஏற்பட்ட வெள்ளத்தால் வாகனங்களுக்கு மட்டும் சுமார் 100 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

மூழ்கிய கார்களில் பல, கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்தன. இருக்கைகளையும் கார்ப்பெட்டையும் வெயிலில் காய வைத்தார்கள். ஆனால், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிக்குள் புகுந்த சேற்றை எத்தனை பேர் வெளியே எடுத்தார்கள்? அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். பழைய கார் வாங்குவோர் இதை மனத்தில் வைப்பது நல்லது.

பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. 15 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்கள் சாலைவரி புதுப்பிக்கும்போது பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மக்கள் எதிர்த்ததால் அத்திட்டம் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. பெயர் மாற்றும்போது பரிசோதனை உண்டு. மற்றபடி, காரின் அடியில் குனிந்து பார்க்க வேண்டிய பொறுப்பு உரிமையாளரையே சாரும்.

பார்ப்பது கடினமல்ல. கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது. சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் புட்டி இருக்கலாம். பட்டறையில் காரை உயர்த்தச் சொல்லி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடித்தளத்தைத் தட்டச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போன இரும்பு மந்தமாகச் சத்தமிடும்.

பிரேக் குழாய்கள், இருக்கைப் பட்டை பொருத்திய இடம், சஸ்பென்ஷன் பிடிப்பு ஆகிய மூன்றிலும் துரு இருந்தால் பூச்சைப் பற்றிப் பேசவே கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முதலில் பழுதுபார்ப்பு; பிறகுதான் பாதுகாப்பு.

முறையான வேலை எப்படி நடக்கும்?

நல்ல கடைக்காரர் பூச்சைவிட அதற்கு முந்திய வேலைக்குத்தான் அதிக நேரம் எடுப்பார். அடிப்பாகத்தை அழுத்தத் தண்ணீரால் கழுவி, சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்குவார். பிறகு முழுமையாகக் காய விடுவார். காலையில் கழுவி மதியமே பூசித் தருகிறேன் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். புட்டி வைத்து அடைப்பது ஏமாற்று வேலை. மிஞ்சிய மெல்லிய துருவை, அதற்கென உள்ள அமிலக் கலவையால் கறுப்பாக உறைய வைத்து, மேலே பிரைமர் அடிக்கலாம்.

அடுத்து வருவதுதான் முக்கியம். பெட்டிப் பகுதி, கதவு, பூட் மூடி, சட்டம் ஆகியவற்றின் உட்பக்கத்தில் மெல்லிய மெழுகு எண்ணெய் தெளிக்கப்பட வேண்டும். காரில் ஏற்கெனவே உள்ள துளைகள் வழியாக நீண்ட குழாயை நுழைத்து, எல்லாப் பக்கமும் படும்படி தெளிப்பார்கள். அந்த எண்ணெய் தகடுகள் சேரும் இடுக்குகளுக்குள்ளும் ஊர்ந்து போகும். உட்பக்கத்தை விட்டுவிட்டு அடியில் மட்டும் கறுப்பு அடிப்பது, ஓட்டுக்கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பதற்குச் சமம்.

அடிப்பாகத்துக்குக் கனமான மெழுகு அல்லது ரப்பர் கலந்த பூச்சு போடுவார்கள். தார் போல் கெட்டியாகும் பூச்சுகளும் உண்டு. அவை நாளடைவில் வெடித்தால், வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் துரு வளரும். பழைய காருக்கு இளக்கமாக இருக்கும் மெழுகு வகையே ஏற்றது. பிரேக் தட்டு, புகைபோக்கி, ரப்பர் புஷ் ஆகியவற்றை மூடிவிட்டே தெளிக்க வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

பூசிய சில நாட்களுக்கு எண்ணெய் சொட்டலாம், வாடை வரலாம். பிறகு எப்போதாவது வெல்டிங் செய்ய நேர்ந்தால், உள்ளே மெழுகு இருப்பதைப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது தீப்பிடிக்கக் கூடியது.

மின்கருவி துருவைத் தடுக்குமா?

பேட்டரியில் பொருத்தினால் போதும், துருவே வராது என்று விற்கப்படும் கருவிகளும் உள்ளன. கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிக்கப்படும். 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி காட்டிய வழி இது. ஆனால், கப்பல் கடல்நீரில் மூழ்கியிருக்கிறது. அந்த நீர்தான் மின்சுற்றை முழுமையாக்குகிறது. கார் நிற்பதோ காற்றில். 1990-களில் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம், இத்தகைய கருவி ஒன்றை விற்ற நிறுவனத்தின் மீது பொய் விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்தது.

பணம் கொடுக்கும் முன்

கடையில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கழுவிய பின் எத்தனை நேரம் காய வைப்பீர்கள்? உட்பகுதிகளிலும் தெளிப்பீர்களா? பூசுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தருவீர்களா? உத்தரவாதம் பழைய காருக்கும் பொருந்துமா, ஏற்கெனவே உள்ள துருவுக்கு விலக்கு உண்டா? பதில்களை ரசீதில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி செய்யாவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோர முடியும். எழுத்தில் இருப்பதுதான் அப்போது கைகொடுக்கும். சாதாரண வாகனக் காப்புறுதி துருவுக்கு இழப்பீடு தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, முடிவு என்ன? அடித்தளம் உறுதியாக இருந்து, மேலோட்டமான துரு மட்டுமே தெரியும் காருக்கு இந்தச் செலவு தகும். ஆண்டுக்கொரு முறை உயர்த்திப் பார்த்து, தேய்ந்த இடத்தில் மீண்டும் தெளித்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பல இடங்களில் இற்றுப்போன காருக்கு இது வீண். அந்தப் பணம் அடுத்த காரின் முன்பணத்துக்கு உதவும்.

சந்தேகம் இருப்பவர்கள் இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யலாம். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயரை வெளியே எடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. நம் பிள்ளைகள் தினமும் உட்கார்ந்து போகும் இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.