மாத்திரை கொடுத்ததை டாக்டரிடம் சொன்னீர்களா?

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே மாடம்பாக்கத்தில் வெடிச்சத்தம் தொடங்கிவிடும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமும் அப்படித்தான். கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி, எச்சில் வடிய நடுங்கும் நாயைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. டாக்டர் டிராசடோனோ கபாபென்டினோ எழுதித் தருகிறார். இரண்டும் மனிதர்களுக்காக வந்த மாத்திரைகள். இன்று உலகம் முழுக்க நாய்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி மேஜையைக் கண்டாலே சீறும் நாய்க்கு, கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே கொடுப்பதும் இவற்றைத்தான். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு எடுக்கப்போவது ஹார்மோன் பரிசோதனை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வயதான டாஷ்ஹண்டோ பொமரேனியனோ குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது, வயிறு தொங்குகிறது, இரு விலாவிலும் முடி உதிர்கிறது. டாக்டருக்குக் குஷிங் நோய் சந்தேகம் வரும். உடலில் கார்ட்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் இது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சுரப்பி கார்ட்டிசாலை ரத்தத்தில் விடுகிறது.

இந்தச் சங்கிலி சரியாக அடங்குகிறதா என்று பார்க்க, எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஊசிக்கு முன்பு, 4 மணி நேரம் கழித்து, 8 மணி நேரம் கழித்து என மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமான நாய்க்குக் கடைசி ரத்தத்தில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்குச் சுமார் 1.4 மைக்ரோகிராமுக்குக் கீழே போய்விட வேண்டும். போகவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் பயமும் இதே சங்கிலியைத்தான் முடுக்குகிறது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாடம்பாக்கத்திலிருந்து நாயைக் கூட்டிப்போவதென்றால் நகரத்தையே கடக்க வேண்டும். ஹாரன், வெயில், பிறகு முன்பின் தெரியாத நாய்களின் குரைப்பு. அந்த நடுக்கத்தோடு நாள் முழுக்கக் காத்திருக்கும் நாயின் கார்ட்டிசால் அடங்காமல் போகலாம். இல்லாத நோய் ரிப்போர்ட்டில் இருப்பதாகத் தெரியும்.

சரி, மாத்திரை கொடுத்தே கூட்டிப்போவோம் என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். ஹைப்போதலாமஸைத் தூண்டும் சமிக்ஞைகளில் செரட்டோனினும் ஒன்று. டிராசடோன் கைவைப்பது அந்தச் செரட்டோனினில்தான். அதனால் அது பயத்தால் ஏறும் கார்ட்டிசாலை மட்டும் தணிக்கிறதா, நோயால் ஏறியதையும் சேர்த்து மறைக்கிறதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. குஷிங் இல்லாத நாய்க்கு அந்நோய்க்கான டிரைலோஸ்டேன் மருந்தைக் கொடுத்தால் கார்ட்டிசால் அபாயகரமாகச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இருக்கிற நோயைத் தவறவிட்டாலும் நாய்தான் அவதிப்படும். அதனால்தான் மாத்திரை கொடுத்ததை டாக்டரிடம் சொல்லுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இந்த இரண்டு தொல்லையும் குறைவாக உள்ள ஒரு பரிசோதனை இருக்கிறது. காலையில் வீட்டருகே பிடித்த சிறுநீரில் கார்ட்டிசாலுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. மாடம்பாக்கம் ஏரிக்கரையில் வழக்கமான காலை நடையின்போது, காலைத் தூக்கும் நேரம் பார்த்து நீளக் காம்புள்ள சுத்தமான கரண்டியை நீட்டினால் போதும். பெண் நாய் தாழ உட்காரும், அதற்குத் தட்டையான தட்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாளே பிடிக்கக் கூடாது, விகிதம் ஏறியிருக்கும். இரண்டு மூன்று நாளாவது விட வேண்டும். விகிதம் இயல்பாக இருந்தால் குஷிங் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதிகமாக இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

தைராய்டு விஷயத்தில், மாத்திரை ரிப்போர்ட்டை மாற்றும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பிரிவுப் பதற்றத்துக்கு நாய்களுக்குத் தரும் குளோமிப்ரமின் மாத்திரையை ஆரோக்கியமான நாய்களுக்கு 112 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. அவற்றின் டி4 (தைராக்சின் ஹார்மோன்) அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் காலத்துத் தூக்க மருந்தான ஃபீனோபார்பிட்டால் இன்று நாய்களின் வலிப்புக்கு முக்கிய மருந்து. அதுவும் டி4-ஐ இறக்குகிறது. குண்டாகி, சோம்பி, முடி கொட்டும் லாப்ரடாருக்கு இந்த மருந்து ஓடுவது தெரியாமல் ரிப்போர்ட் மட்டும் பார்த்தால், தைராய்டு குறைவு என்று முத்திரை குத்தி ஆயுசுக்கும் தைராக்சின் எழுதிவிட வாய்ப்புண்டு. நம்மூரில் சாதாரணமான உண்ணிக் காய்ச்சல்கூட டி4-ஐக் குறைக்கும். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களுக்கு அது பிறவியிலேயே குறைவு. அதே உடல்வாகுள்ள சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. சர்க்கரைப் பரிசோதனைக்கும் ஒரு வார்த்தை: மயக்கத்துக்குத் தரும் டெக்ஸ்மெடெடோமிடின் இன்சுலின் சுரப்பைத் தடுத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

ரத்தம் எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக, கடைசி வேளை எப்போது. அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரை, தடவிய களிம்பு, காதுச் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். பிரெட்னிசலோன் பல லேப் முறைகளில் கார்ட்டிசாலாகவே எண்ணப்பட்டுவிடும். அவசரமில்லாத பரிசோதனை என்றால் தீபாவளி வாரத்தைத் தவிர்த்து, மாத்திரை தேவைப்படாத நாளாகத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். ஆனால் பரிசோதனைக்காக ஃபீனோபார்பிட்டாலை நீங்களாக நிறுத்தவே கூடாது. அடக்கி வைத்த வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். மருந்து ஓடுவது தெரிந்துவிட்டால், டி4-உடன் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனையும் நாயின் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து டாக்டரே கணக்குப் போட்டுக்கொள்வார்.