தெற்குப் பார்த்த வீட்டுக்கு நிழல் எவ்வளவு?

பினாங்கு மலைச்சரிவில் உங்களுக்குத் தெற்குப் பார்த்த வீடு ஒன்று இருக்கிறது. முன்னால் ஒரு தாழ்வாரம் போட நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய வீட்டு இதழ்கள் தெற்கை வெயில் திசை என்கின்றன. ஆஸ்திரேலிய இதழ்களோ குளிர்ந்த திசை என்கின்றன. நமக்கு இரண்டும் பாதி உண்மைதான்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு மேலாக வடக்கே போய், செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் திரும்பி வருகிறது. மீதி ஏழு மாதங்கள் நண்பகல் வெயில் தெற்கிலிருந்துதான். அது மிகவும் தாழ்வது டிசம்பர் 22 வாக்கில். அப்போதும் 61 பாகை உயரத்தில் நிற்கும். கூரை விளிம்பு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், 3-ஐ டேன் 61-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றாம் படிவக் கணக்குதான். வெயில் உள்ளே நுழைவது ஏறத்தாழ 1.7 மீட்டர். 3 மீட்டர் அகலத் தாழ்வாரத்தில் சுவரோரம் அமர்ந்தால் கவலையில்லை.

கம்பு நட்டு நிழலை அளக்க விரும்புவோர் 12 மணிக்கு அளக்க வேண்டாம். 1982 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் கூடுதலாக முந்தி ஓடுகின்றன. டிசம்பரில் பினாங்கின் உண்மையான உச்சிப்பொழுது சுமார் 1.15 மணி.

உண்மையான தொல்லை மேற்கே இருக்கிறது. அதே டிசம்பரில் மாலை 5.15 மணிக்குச் சூரியன் 25 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதே கூரையின் கீழ் வெயில் 6 மீட்டருக்கு மேல் சாய்ந்து நுழையும். கூரையை நீட்டிப் பயனில்லை. மேற்குப் பக்கத்தில் மூங்கில் திரையோ கொடிப் பந்தலோ செங்குத்தாக வேண்டும். மேற்கே உயரமான மலைமுகடு இருந்தால் அந்தச் செலவும் மிச்சம்.

ஆனால் மலைச்சரிவில் வெயிலைவிட மழைதான் பெரிய விஷயம். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர், அதாவது ஒரு டன். அதை விளிம்பிலிருந்து சரிவில் கொட்டவிட்டால் மண் ஊறி, கனத்து, பிடிப்பை இழக்கும். 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவில் நீர் முறையாக வடியாதது அதன் காரணங்களில் ஒன்று.

ஆகவே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கான்கிரீட் தளம் போடும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். தூண்களில் நிற்கும் இலேசான தளமே மேல். அதற்கும் பொறியியலாளரின் கணக்கும் மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும். கூரை நீரைக் குழாய் வழியே கால்வாய் வரை கொண்டுபோய் விடுங்கள். பருவமழைக்கு முன் அந்தக் கால்வாயில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.