பிடித்து விடும் மீனுக்குக் கைவலை வேண்டுமா?

ட்ரவுட் குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் வாழும் மீன். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டதால் நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாப் பகுதியிலும் இது அறிமுகமானது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இதைத் தூண்டிலில் பிடித்து, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவது பரவலான வழக்கம். லீ வுல்ஃப் என்ற புகழ்பெற்ற தூண்டில்காரர் 1939இல் வெளியிட்ட நூலிலேயே இதை வலியுறுத்தினார். மொன்டானா மாநிலம் 1974இல், ட்ரவுட் தானாகவே பெருகும் ஆறுகளில் பண்ணை மீன்களை விடுவதை நிறுத்தியது. அந்த ஆறுகளில் இனி மீன் இருக்க வேண்டுமானால் அங்கேயே பிறந்து வளர்ந்தாக வேண்டும். அதனால் பிடித்து விடப்பட்ட மீன் பிழைக்கிறதா என்பது பெரிய கேள்வியாயிற்று. யெல்லோஸ்டோன் ஆற்றின் ஒரு பகுதியில் 1981இல் நடந்த ஆய்வில், ஒரு கட்த்ரோட் ட்ரவுட் ஒரே பருவத்தில் சராசரியாக ஒன்பது தடவைக்கு மேல் பிடிபட்டது தெரியவந்தது. இத்தனை முறை மனிதக் கைக்கு வந்துபோகும் உயிருக்கு, ஒவ்வொரு முறையும் ஏற்படும் சின்னக் காயம்கூடச் சின்ன விஷயம் அல்ல.

கைவலை என்பது ஒரு வளையத்தில் வலைப்பையைக் கட்டிப் பிடி பொருத்திய கருவி. வலை மீனின் தோலைக் கெடுக்கிறது, அது வேண்டாம் என்பது ஒரு கட்சி. கையால் பிடிப்பதுதான் மீனை நசுக்குகிறது, வலை வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எந்த வலை, எந்த மீன், வலைக்குள் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

தூண்டில் முள் மாட்டியதும் மீன் முழு வேகத்தில் இழுக்கிறது. அப்போது அதன் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றலை எரிக்கின்றன. தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறுகிறது. இழுபறி நீள நீள இந்தச் சுமை கூடும். விட்டவுடன் துள்ளி ஓடிய மீன்கூடச் சில மணி நேரம் கழித்துச் சாகக்கூடும். கரையோரம் வந்துவிட்ட மீனைக் கையால் எட்டிப் பிடிக்க முயலும்போது அது வழுக்கி மீண்டும் ஓடும். இழுபறி இன்னொரு சுற்று தொடரும். கைவலை இருந்தால் மீன் முற்றும் களைக்கும் முன்பே காரியம் முடிகிறது. வலையின் முதல் நன்மை இதுதான்.

இரண்டாவது நன்மை காற்றைப் பற்றியது. தண்ணீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இழைகள் நனைந்த காகிதத் தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ரெயின்போ ட்ரவுட்டுகளைத் துரத்திக் களைக்க வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 1992இல் வெளிவந்த அதன் முடிவின்படி, களைப்பை மட்டும் சந்தித்த மீன்களில் 88 சதவீதம் 12 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தன. களைத்தபின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 சதவீதமும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 28 சதவீதமும் மட்டுமே பிழைத்தன. இது ஆய்வகத்தில், கடும் களைப்புக்கு உள்ளாக்கப்பட்ட மீன்களிடம் கண்டது. குளிர்ந்த ஓடைகளில் பின்னாளில் நடந்த கள ஆய்வுகளில் பாதிப்பு இவ்வளவு கடுமையாக இல்லை. ஆனாலும் களைத்த மீனுக்குக் காற்று எதிரி என்பதில் ஐயமில்லை. வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தால் மீன் மூச்சுவிட்டபடியே காத்திருக்கும். முள்ளைக் கழற்ற இரு கைகளும் கிடைக்கும். வலையை மீனைத் தூக்கும் கருவியாக நினைப்பதில்தான் கேடு தொடங்குகிறது. தண்ணீருக்குள் மீனைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் சிறு தொட்டி அது.

வலையின் தீமையும் உண்மையானது. மீனின் உடல் மீதுள்ள வழவழப்பான படலம் கிருமிகளையும் பூஞ்சையையும் தடுக்கும் கவசம். முடிச்சுப் போட்ட பழைய நைலான் வலை அந்தப் படலத்தை உரித்துவிடும், துடுப்புகளைக் கிழிக்கும். கண்ணி பெரிதாக இருந்தால் செவுளும் மாட்டும். புளூகில் என்ற வேறொரு நன்னீர் மீனில் நான்கு வகை வலைகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு, முடிச்சு வலைகளே அதிகக் காயம் விளைவித்ததையும் ரப்பர் வலையில் காயம் குறைந்ததையும் காட்டியது. வலையே படாத மீன்கள் எதுவும் சாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே வலை வேண்டுமென்றால், முடிச்சில்லாத, சிறு கண்ணியுள்ள ரப்பர் வலையே வாங்கத் தக்கது. ரப்பரில் முள் சிக்குவதும் குறைவு.

உள்ளங்கை நீளமுள்ள சிறு மீனுக்கு எந்த வலையும் வேண்டாம். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் என்றால், மீனைத் தொடாமலே, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைப் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடும். பெரிய மீனுக்கும், வேகமான நீரோட்டத்தில் ஆள் நிற்கும் இடத்துக்கும்தான் வலை அவசியமாகிறது.

வலையை முன்னதாகவே நனைத்து, நீருக்குள் அசையாமல் பிடித்து, மீனைத் தலைப்பக்கமாக அதற்குள் கொண்டுவர வேண்டும். மீனைத் துரத்தி அள்ளுவது தவறு. கையையும் நனைத்துக்கொள்ள வேண்டும். செவுளுக்குள் விரல் போகக் கூடாது, வயிற்றை அழுத்தக் கூடாது. விடும்போது தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், மீன் தானாக நீந்தும்வரை தாங்கிப் பிடித்தால் போதும். முன்னும் பின்னும் ஆட்டுவது பலருடைய பழக்கம். ஆனால் பின்னோக்கி இழுக்கும்போது செவுளில் நீர் ஒழுங்காகப் பாய்வதில்லை.

ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் வலையைக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். சிறு ட்ரவுட்டுகளைச் சுழன்று சுழன்று நீந்த வைத்துக் கொல்லும் ஒட்டுண்ணி நோய் 1994இல் மொன்டானாவின் மாடிசன் ஆற்றில் கண்டறியப்பட்டது. இத்தகைய நோய்களும் அயல் உயிரிகளும் ஈரமான கருவிகளோடு பயணம் செய்யக்கூடும்.

வலையால் தீராத ஒன்றும் உண்டு. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. தொடர்ந்து மூன்று நாள் நீரின் உச்ச வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மொன்டானாவில் பொதுவாகப் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வரும். அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு நல்ல வலை கையில் இருந்தாலும் தூண்டிலைப் போடாமல் இருப்பதே சரி.