மரத்தில் ஏறும் சித்திரம்

மரத்தில் சித்திரம் செதுக்குதல் நம் நாட்டின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. தமிழகத்துக் கோயில் தேர்களும் செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளும் அதன் சிறப்பை இன்றும் பறைசாற்றி நிற்கின்றன. அத்தொழிலில் உளிக்கும் கொட்டாப்புளிக்கும் துணையாகக் கணிப்பொறியின் ஆணைப்படி இயங்கும் செதுக்கு இயந்திரம் இப்போது வந்து சேர்ந்துள்ளது. தச்சுப் பட்டறைகளில் இதனைச் 'சி.என்.சி.' என்று மூன்றெழுத்தில் சுருக்கி அழைக்கின்றனர். இவ்வியந்திரத்திற்கு ஏற்ற சித்திரத்தை எங்கே தேடுவது, தேடிய சித்திரத்தை எவ்வாறு பக்குவப்படுத்துவது என்பனவே இப்பேச்சின் பொருள்.

அந்தமானில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், மரைன் ஹில்லுக்குச் சற்றுத் தொலைவில், சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டு மரம் அறுக்கும் ஆலை ஒன்று நிறுவப்பெற்றது. அந்தமானுக்கே உரிய படாக் மரத்தின் செம்மை நிறமும் உறுதியும் உலகறிந்தவை. ஆனால் இக்காடுகள் வற்றாத சுரங்கங்கள் அல்ல. 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான வரம்புகளை விதித்தன. ஆகவே, இன்று ஒரு படாக் பலகை கைக்கு வருமாயின் அது அருமைப் பொருள். பக்குவமற்ற சித்திரத்தை இயந்திரத்திற்குக் கொடுத்து அப்பலகையைப் பாழாக்குவது, பல பத்தாண்டுகள் வளர்ந்த மரத்தைச் சில மணி நேரத்தில் விறகாக்குவதற்கு ஒப்பாகும்.

முதலில், இயந்திரம் சித்திரத்தை எவ்வாறு அறிகிறது என்பதைக் காண்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எண்களால் ஆளப்படும் துருவல் இயந்திரம் 1952-இல் செய்து காட்டப்பெற்றது. துளையிட்ட நாடாவிலிருந்து எண்களைப் படித்து அது இயங்கிற்று. நாடா போய்க் கணிப்பொறி வந்துவிட்டதே அன்றி, அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. 'இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இவ்வளவு ஆழத்தில், இவ்வளவு வேகத்தில் செல்க' என்ற கட்டளையைத் தவிர வேறொன்றையும் இயந்திரம் அறியாது. தாமரை, அன்னம், யாளி என்னும் பெயர்கள் அதற்குப் பொருளற்றவை. சித்திரக்காரரின் மொழியிலிருந்து இயந்திரத்தின் மொழிக்குச் செய்யப்படும் பெயர்ப்பு என்றே இப்பணியைக் கூறலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வொப்புமை நன்கு விளங்குகிறது. மூலத்தைப் புரிந்துகொள்ளாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விளையும் விபரீதம் இங்கும் விளையும்.

கணிப்பொறியில் சேமிக்கப்படும் சித்திரங்கள் இரு வகைப்படும். முதல் வகை, புள்ளிச் சித்திரம். நிழற்படம் அனைத்தும் இவ்வகையே. நெருங்கி நோக்கினால் அது வண்ணச் சதுரங்கள் அடுக்கிய தரை போலத் தோன்றும். பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுப் போல உடைந்துவிடும். இரண்டாம் வகை, கோட்டுச் சித்திரம். இதில் சதுரங்கள் இல்லை. ஒவ்வொரு கோடும் கணக்கால் வரையறுக்கப்பட்ட வளைவு. 1960-களில் பிரான்சு நாட்டு ரெனோ மோட்டார் நிறுவனத்தில் பணிபுரிந்த பியேர் பெசியே என்னும் பொறியாளர் பரப்பிய வளைவுகளே இன்றும் வழங்குகின்றன. கோட்டுச் சித்திரத்தை மோதிர அளவிலும் கதவின் அளவிலும் ஒன்று போலவே செதுக்கலாம். எஸ்.வி.ஜி., டி.எக்ஸ்.எஃப். என்ற பெயர்களில் வழங்கும் கோப்புகள் இவ்வகையின. கிடைக்குமாயின் இவற்றையே தேடிப் பெறுதல் நன்று.

இனி, சித்திரங்களை எங்கே தேடுவது? இணையத்தில் கண்ணிற் பட்டதை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் உயிருடன் உள்ள காலம் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அவரது ஓவியத்திற்கு உரிமை உண்டு. அக்காலம் கழிந்த பழம்படைப்புகளோ ஏராளம். புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரெய், தென்னாட்டுக் கட்டடக் கலை பற்றி 1914-இல் வெளியிட்ட நூலில் தூண்கள், போதிகைகள், கூடுகள் ஆகியவற்றின் கோட்டுப் படங்கள் நிறைந்துள்ளன. அவர் 1945-இல் மறைந்தார். ஆகவே 2005-ஆம் ஆண்டு முடிவோடு நம் நாட்டில் அவ்வுரிமை முடிந்துவிட்டது. ஓவன் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1856-இல் வெளியிட்ட அலங்காரக் கலை நூலும் இத்தகைய களஞ்சியமே. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் 2017 முதல் தன் சேகரிப்பின் பல இலட்சம் படங்களைத் தடையின்றிப் பயன்படுத்த அனுமதித்துள்ளது. 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகமும் பெரிதும் பயன்படும். ஆங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் குறித்துள்ள நிபந்தனையைப் படித்தறிதல் வேண்டும். சில படங்களுக்கு ஓவியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். வேறு சில தளங்களில், விற்பனைக்குப் பயன்படுத்தலாகாது என்ற தடையும் காணப்படும். தன் வீட்டுக் கதவுக்கு ஏற்ற சித்திரம், கடையில் விற்கும் கதவுக்கு ஏற்றதாகாமற் போகலாம்.

வேறு இரு எச்சரிக்கைகளும் உண்டு. அரசுப் பணியாளர் மிகுந்த இந்நகரில் பெயர்ப்பலகைகளில் சிங்கத் தலைகளைச் செதுக்கித் தருமாறு சிலர் கேட்கக்கூடும். நாட்டுச் சின்னத்தின் முறையற்ற பயன்பாட்டை 2005-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அதிகாரம் பெற்றவர்க்கன்றி அதைச் செதுக்கிக் கொடுத்தல் தகாது. அவ்வாறே, தீவுகளின் தொல்குடி மக்களைப் பாதுகாக்க 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. அவர்களது காப்புப் பகுதிகளில் படமெடுத்தல் குற்றம். அவ்வாறு எடுக்கப்பட்ட படத்தை நினைவுப் பரிசாகச் செதுக்கி விற்பது மனித மாண்புக்கும் ஒவ்வாது.

சித்திரம் கிடைத்தபின் பக்குவப்படுத்தும் வேலை தொடங்குகிறது. பழைய நூலின் படத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, கருமையும் வெண்மையும் மட்டுமே எஞ்சுமாறு செய்து, கோட்டுச் சித்திரமாக மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் இதைத் தானே செய்து தரும். ஆயினும் அது தாளின் கறையையும் மையின் சிதறலையும் கோடு என்றே கொள்ளும். ஒரு தாமரை இதழுக்கு ஆறு புள்ளிகள் போதுமான இடத்தில் அறுபது புள்ளிகளை வைத்துவிடும். அவ்வளவும் கட்டளையாக மாறினால் உளி நடுங்கி நடுங்கிச் செல்லும். வளைவின் ஒழுக்கு கெடும். ஆகவே மிகையான புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்குதல் வேண்டும். ஒவ்வொரு உருவின் எல்லைக்கோடும் முற்றும் மூடியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். திறந்த எல்லைக்கு உள் எது, வெளி எது என்று இயந்திரம் அறியாது. ஒன்றன் மேல் ஒன்றாக இரு கோடுகள் படிந்திருந்தால் ஒரே தடத்தை அது இருமுறை வெட்டும்.

அடுத்து, உளியின் பருமனை நினைவிற் கொள்க. சுழலும் உளி வட்டமானது. 6 மில்லிமீட்டர் உளி, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த சந்தில் நுழையாது. குழியின் மூலைகளிலும் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவையே விட்டுச் செல்லும். கூர்மையான மூலை வேண்டுமாயின் கூம்பு முனை உளியைக் கொள்ள வேண்டும். அதன் கணக்கு வேறு. கோட்டின் அகலம் கூடக் கூட ஆழமும் கூடும். 90 பாகைக் கூம்பாயின் 6 மில்லிமீட்டர் அகலக் கோட்டிற்கு 3 மில்லிமீட்டர் ஆழம் ஆகும். 60 பாகைக் கூம்பாயின் அதே கோட்டிற்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆகும். 18 மில்லிமீட்டர் பலகையில் 40 மில்லிமீட்டர் அகல இதழை 90 பாகைக் கூம்பால் அப்படியே செதுக்கச் சொன்னால், உளி 20 மில்லிமீட்டர் ஆழம் தேடிப் பலகையைத் துளைத்துவிடும். ஆழத்திற்கு முன்னரே வரம்பு கட்டுதல் அவசியம்.

புடைப்புச் சிற்பத்திற்கு வேறு முறை. அதில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் இயந்திரம் உயரமாகக் கொள்கிறது. வெண்மை மேடு, கருமை பள்ளம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மரைன் ஹில் சரிவிலிருந்து, ராஸ் தீவு என்று முன்னர் வழங்கி 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படும் தீவை நிழற்படம் எடுப்பதாகக் கொள்வோம். வெயிலில் கடல் பளபளக்கிறது. மரமடர்ந்த தீவு கரிய நிழலாய்த் தோன்றுகிறது. இப்படத்தை அப்படியே செதுக்கினால் கடல் மலையாய் எழும். தீவு கிணறாய் அமிழும். வெளிச்சம் வேறு, உயரம் வேறு. ஆகவே புடைப்புச் சிற்பத்திற்கான படத்தை நிழற்படமாக எடுத்தல் ஆகாது. எது முன்னே, எது பின்னே என்று சிந்தித்துப் புதிதாகத் தீட்ட வேண்டும்.

சாதாரணச் சாம்பல் நிறப் படத்தில் கருமை முதல் வெண்மை வரை 256 படிகள் உண்டு. 10 மில்லிமீட்டர் ஆழத்தில் அவை முழுதும் பயன்பட்டால் ஒரு படி ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டரே, கண்ணுக்குப் புலப்படாது. மங்கிய படத்தில் 40 படிகளே இருப்பின் ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் ஆகி, மலைச்சரிவு வயல்களைப் போல அடுக்கடுக்காய்த் தெரியும். இடைவெளியும் முக்கியம். 300 மில்லிமீட்டர் சதுரப் பலகையை 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் உழுதால் 1,000 சால்கள். மொத்தம் 300 மீட்டர் பயணம். நிமிடத்திற்கு 1,500 மில்லிமீட்டர் வேகத்தில் 200 நிமிடங்கள் ஆகும். இடைவெளியை இரட்டித்தால் நேரம் பாதியாகும். ஆனால் உருண்டை முனை உளி விட்டுச் செல்லும் வரப்புகளின் உயரம் நான்கு மடங்காகும். மிச்சப்படுத்திய நேரம் உப்புத்தாள் தேய்ப்பதில் போய்விடும்.

படாக் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. மெல்லிய விளிம்புகள் பெயர்ந்துவிடக்கூடும். ஆதலின் சித்திரத்தின் மயிரிழைக் கோடுகளைத் தடித்தவையாக்குக. முதலில் மலிவான பலகையில் ஒரு மூலையை மட்டும் செதுக்கிப் பார்க்க. குறை இருப்பின் அது அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவும் கேட்டபின், கைத்தச்சரின் காலம் முடிந்ததோ என்ற வினா எழலாம். மூன்று திசைகளில் மட்டும் நகரும் இயந்திரம் மேலிருந்து கீழ் நோக்கியே வெட்டும். பலகையை விட்டு விலகி வளைந்த துதிக்கையின் அடிப்புறத்தை அது எட்டாது. அங்கே கையுளியே வேண்டும். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-லும் புவிசார் குறியீடு பெற்றன. தம்மம்பட்டி மரச்சிற்பமும் அக்குறியீடு பெற்றதே. அவ்வூர்களின் பெருமை சிற்பியின் கண்ணிலும் கையிலும் தங்கியுள்ளது. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுச் சிற்பப் பள்ளி இயங்கி வருவதும் அக்கண்ணைப் பயிற்றுவதற்கே.

இயந்திரம் வந்ததால் சித்திரம் எழுத வல்லவரின் மதிப்பு கூடியிருக்கிறது என்பதே நம் கருத்து. ஒரு முறை செம்மையாய் எழுதிய சித்திரத்தை நூறு முறை செதுக்கலாம். ஆகவே முதுபெரும் தச்சர் ஒருவரின் கொடிக்கருக்கைப் பார்த்து எழுதுவோர், அவரிடம் இசைவு கேட்டு உரிய பங்கை அவருக்கு அளித்தல் கடமை. புதிதாய் வடிவம் படைப்போர் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி அதனை விற்பனைக்கு முன் பதிவு செய்துகொள்ளலாம். அதனால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கும். பலகையை இயந்திரத்தில் பூட்டுமுன், சித்திரம் யாருடையது, கோடு செம்மையா, ஆழம் அளவா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டுகொள்க. மரமும் வீணாகாது, அதனை நம்பி வாழ்வோர் உழைப்பும் வீணாகாது.