இணையத்தளத்தை எடைபோடக் கற்போம்

எல்ல, பதுளைப் பகுதித் தோட்ட லயங்களுக்கு வெளிநாட்டு வேலை பற்றிய செய்தி இன்று கைத்தொலைபேசி வழியாகவே அதிகம் வருகிறது. அழகிய படங்கள், சரளமான ஆங்கிலம், இறுதியில் ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். "இது உண்மைதானா?" என்று பெற்றோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையிடம் கேட்கின்றனர். அப்பிள்ளையால் பதில் கூற முடியுமா?

பாடசாலையில் தமிழில் கற்ற மாணவர், 2005இல் பதுளையில் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆங்கிலத்தில் கற்க வேண்டியுள்ளது. பக்கத்தைப் புரிந்துகொள்வதே பாரமாக இருக்கும்போது, அதனைச் சந்தேகிக்கத் துணிவு வருவதில்லை.

இது நம்மவர்க்கு மட்டுமே உரிய குறையன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்றறிஞர்களும் 25 மாணவர்களும் 10 செய்திச் சரிபார்ப்பாளர்களும் இணையத்தளங்களை மதிப்பிட்டனர். முதல் இரு சாராரில் பலர், தளத்தின் தோற்றத்தையும் பெயரையும் கண்டு ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியேறி, அத்தளத்தைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். விரைவாகவும் சரியாகவும் முடிவு கண்டனர்.

ஆகவே மாணவர் குழுக்களில் மூன்று கேள்விகளைப் பழக்குவோம். இதனை நடத்துபவர் யார்? ஆதாரம் என்ன? பிறர் என்ன கூறுகின்றனர்? வேலை விளம்பரமாயின், அந்த முகவர் நிலையத்திற்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா எனப் பணியகத்தின் தளத்தில் பார்க்கலாம். 1989 என்ற இலக்கத்திலும் விசாரிக்கலாம். அனுமதிப்பத்திரம் இருந்தாலும், குறிப்பிட்ட அந்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

இப்பயிற்சி மொழியையும் வளர்க்கும். கண்ட முடிவை மாணவர் ஆங்கிலத்தில் ஐந்து வசனங்களாக எழுதட்டும். பின்னர் அதையே தாய்க்குத் தமிழில் விளக்கட்டும். தாய்க்கு விளங்காவிடின், தமக்கும் முழுமையாக விளங்கவில்லை என உணர்வர். அரச தளமொன்றின் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பக்கங்களை ஒப்பிட்டால், ஒரே சொல்லை மும்மொழியிலும் கற்கலாம். தமிழ்ப் பக்கத்தில் விடுபட்டது எது என்பதும் தெரியவரும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. விடுபட்டதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதுவது நமது உரிமை.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டியபின் அறியும் உண்மையால் பயனில்லை. அதற்கு முன்பே பத்து நிமிடம் ஒதுக்கித் தேடிப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை, ஒவ்வொரு லயத்திலும் இருக்க வேண்டும்.