பல்கலைக்கழகத்தின் செய்தி சீனன்குடா வீட்டு வாசலுக்கு வருவது எப்படி?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் சீனன்குடாவிலும் வெள்ளைமணலிலும் ஒரு கேள்வி வீடு வீடாகச் சுற்றும். "நிலாவெளி கெம்பஸ்ல என்னதான் படிப்பிக்கிறாங்க?" பதில் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வரும். இல்லாவிட்டால் எப்போதோ அங்கே படித்த ஒரு மச்சான் சொல்வார். திருகோணமலை நகரைத் தாண்டினால் கோணேசபுரியில் இருக்கும் ஓர் அரச வளாகத்தைப் பற்றி, துறைமுகத்தின் இந்தப் பக்கத்தில் இருக்கும் நாம் அறிந்துகொள்ளும் வழி இதுவாகத்தான் இருக்கிறது.

கிழக்கு மக்களுக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயர் புதிதல்ல. வந்தாறுமூலையில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியதே 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. தென்கிழக்கும் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மர்ஹூம் அஷ்ரபின் பெயரோடு அந்த வரலாறு எம்மவர் வாயில் இன்றும் நிற்கிறது. திருகோணமலையில் 1990களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக இருந்தது 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. அங்கே சித்த மருத்துவம் உண்டு, பிரயோக விஞ்ஞானம் உண்டு, தொடர்பாடலும் வணிகமும் கற்பிக்கும் பீடமும் உண்டு. தொடர்பாடலைப் பாடமாகவே கற்பிக்கும் வளாகம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்வோம்.

பல்கலைக்கழகமொன்றின் தொடர்பாடல் குழு என்ன செய்கிறது? நம்மில் பலருக்கு அது புகைப்படக்காரரை அனுப்பும் பிரிவு மட்டுமே. அதிதிகள் மேடையில் அமர்ந்தார்கள், நினைவுச் சின்னம் வழங்கினார்கள், உபவேந்தர் உரையாற்றினார். மறுநாள் பேஸ்புக்கில் நாற்பது படங்கள். இது நிகழ்வின் பதிவு. பார்ப்பவர்கள் படத்தில் இருப்பவர்களும் அவர்களின் உறவினர்களும்தான். நல்ல குழு முதலில் கேட்கும் கேள்வி வேறு: இந்தச் சங்கதி வளாகத்துக்கு வெளியே யாருக்குத் தேவை?

உண்மையான ஓர் ஆய்வை வைத்தே பார்ப்போம். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் சர்வதேச சஞ்சிகையொன்றில் வெளியானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அதில் பங்கேற்றார்கள். உவர்கலந்த நீரிலும் அந்த நுளம்பின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டார்கள். எங்கே? வீசிய பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களில், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்களில், பாவனையற்ற கிணறுகளில். சீனன்குடாவில் கரையோரம் நடந்தால் இந்த மூன்றையும் காண ஒருவர் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

கட்டுரை ஆங்கிலத்தில், விஞ்ஞானிகளுக்காக எழுதப்பட்டது. அதில் தவறில்லை, ஆய்வு அப்படித்தான் வெளிவரும். அதை வள்ளத்துச் சொந்தக்காரரிடம் கொண்டுபோவது தொடர்பாடல் குழுவின் வேலை. குழுவில் ஒருவர் ஆய்வாளரோடு உட்கார்ந்து, "இதைக் கேட்டுவிட்டு மீனவர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பார். பதில் எளிது: வள்ளத்தைக் கவிழ்த்து வை, பாழ்கிணற்றை மூடு, உப்புத் தண்ணீர்தானே என்று விட்டுவிடாதே. பிறகு களத்துக்குப் போய் படம் எடுப்பார். எழுதியதை ஆய்வாளரிடம் திரும்பக் காட்டுவார். இந்தக் கடைசிப் படியை அவசரத்தில் விட்டுவிடும் இடங்கள் உண்டு, பிழை அங்கேதான் நுழைகிறது.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பல உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. "கிண்ணியா மரணங்களுக்கு உவர்நீர் நுளம்பே காரணம்" என்று தலைப்புப் போட்டால் செய்தி காட்டுத்தீயாகப் பரவும். ஆனால் அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. குடம்பிகள் அங்கும் வளர்கின்றன என்பது மட்டுமே அதன் சாட்சியம். இந்த எல்லையைக் காப்பது சிரமமான வேலை, பெரிய பல்கலைக்கழகங்களும் அதில் தவறியிருக்கின்றன. பிரித்தானியாவின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, சுகாதாரம் சார்ந்த 462 ஊடக அறிக்கைகளைக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 40 வீதமானவை வாசகருக்கான அறிவுரையை மிகைப்படுத்தியிருந்தன. 33 வீதமானவை காரணம் இதுதான் என்று ஆய்வைவிட அழுத்திச் சொல்லியிருந்தன. 2014இல் இந்த முடிவு வந்தபோது பலர் திடுக்கிட்டார்கள், ஏனென்றால் மிகைப்படுத்துவது பத்திரிகைக்காரர் என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். ஒரு தகவலைக் கேட்டால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று சூரா அல்ஹுஜுராத் சொல்வது, தகவலை அனுப்புபவருக்கும் பொருந்தும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எமது சமூகம் அனுபவத்தில் அறியும். புனானையில் எழுந்த மட்டக்களப்பு கெம்பஸுக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகு சில ஊடகங்கள் 'ஷரீஆ பல்கலைக்கழகம்' என்று பெயர் சூட்டின. நிதி எங்கிருந்து வந்தது, என்ன கற்பிக்கப் போகிறார்கள் என்ற கேள்விகள் பாராளுமன்றம் வரை போயின. அந்தக் கேள்விகள் எல்லாமே கெட்ட எண்ணத்தில் கேட்கப்பட்டவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாடநெறிகளையும் கணக்குகளையும் ஆரம்பத்திலிருந்தே மூன்று மொழிகளிலும் மக்கள் முன் வைத்திருந்தால், அந்தப் பெயர் அவ்வளவு இலகுவாக ஒட்டியிருக்காது என்பது என் அபிப்பிராயம். கட்டடம் பிறகு தனிமைப்படுத்தல் நிலையமானது, 2023இல்தான் உரியவர்களிடம் திரும்பியது.

மொழி விடயத்துக்கு வருகிறேன். சிங்களத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் எமது பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களைத் திறந்தால் முதலில் நிற்பது ஆங்கிலம்தான். திருகோணமலை, கல்வியில் பின்தங்கியவை எனக் கணக்கிடப்படும் 16 மாவட்டங்களில் ஒன்று. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் இந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. சீனன்குடாவில் கூலி வேலை செய்யும் ஒரு வாப்பாவுக்கு இந்த மூன்று வரிகள் எத்தனை விழாப் படங்களைவிடப் பெறுமதியானவை! தமிழில் ஒரு பக்கம், அதை அடுத்து இங்கே படித்துப் பட்டம் பெற்ற ஒரு பிள்ளையின் அனுபவம், ஒரு நிமிட ஒலிப்பதிவு. பெரிய செலவில்லை. வளாகத்தின் தொடர்பாடல் மாணவர்களுக்கே இதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம், வகுப்பறைப் பாடமும் அதுவாகிவிடும்.

ஒரு சிறு விடயம், ஆனால் எம்மவருக்குச் சிறிதல்ல: படம். மாணவிகளின் படத்தைப் பொதுவெளியில் போடுவதற்கு முன் கேட்டு அனுமதி பெறுவது நல்ல குழுக்களின் வழக்கம். எங்கே பயன்படும், எவ்வளவு காலம் இருக்கும் என்றும் சொல்வார்கள். பிள்ளை மறுத்தால் அவளுடைய ஆய்வுக்கூட மேசையையோ கையெழுத்தையோ எடுக்கலாம், கதை கெட்டுப்போகாது. இது தெரியாததால் சில பெற்றோர் பேட்டிக்கே பிள்ளையை விடுவதில்லை, அவளுடைய சாதனையும் சொல்லப்படாமல் போகிறது.

எமது பக்கத்திலும் வேலை இருக்கிறது. கதைகள் குழுவிடம் தாமாகப் பறந்து வருவதில்லை, யாராவது சொல்ல வேண்டும். எந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி வந்தார், எந்தக் கரையில் என்ன நோய் பரவுகிறது என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அதிபரும் வளாகத்துக்கு எழுதலாம். அங்கிருந்து வரும் தமிழ் அறிவித்தலை ஜும்ஆவுக்கு வருபவர்கள் பார்க்கும் பலகையில் ஒட்டலாம். எழுதியும் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர் எடுத்தாக வேண்டும்.