ஆஷ் கொலையின் உளவியல் பின்னணி

ஆஷ் கொலை என்பது திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ், 1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடருந்துச் சந்திப்பில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். அரசியல் நடத்தைக்கும் அறவொழுக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அரசியல் உளவியல் துறைக்கு இது தமிழகத்தின் முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும்.

நிகழ்வு

கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் அமைந்துள்ள மணியாச்சியில் தூத்துக்குடிக்கான பாதை பிரிகிறது. கொடைக்கானல் செல்லவிருந்த ஆஷும் அவர் மனைவியும், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலின் இணைப்புக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தனர். வாஞ்சிநாதன் மிக அருகிலிருந்து ஆஷைச் சுட்டபின் நிலையக் கழிப்பறைக்குள் சென்று தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவரது சட்டைப்பையில் ஒரு கடிதம் கிடைத்தது.

பின்னணி

1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908 மார்ச்சில் அவர் கைதானதைத் தொடர்ந்து திருநெல்வேலியில் எழுச்சி ஏற்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அக்காலத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ், சுதேசி இயக்கத்தை ஒடுக்கியவராகக் கருதப்பட்டார்.

உளவியல் விளக்கங்கள்

உறுதிமொழி: வாஞ்சிநாதன் நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர். அதன் உறுப்பினர்கள் காளியின் முன் சூளுரை ஏற்றனர். செய்த செயலுக்கு முரணாக நம்பிக்கை இருந்தால் மனம் அம்முரணைக் குறைக்க முயலும் என்று லியோன் பெஸ்டிங்கர் 1957இல் விளக்கினார். இதன்படி, சூளுரை ஏற்றவருக்குப் பின்வாங்குதல் கடினமாகிறது; ஐயம் எழுந்தாலும் அது கோழைத்தனமாகவே தோன்றும்.

புனித மதிப்புகள்: ஜோனதன் ஹைட் 2012இல் வெளியிட்ட நூலில், அறவுணர்வு தீங்கு, நீதி ஆகியவற்றோடு பற்றுறுதி, தூய்மை போன்ற அடித்தளங்களையும் உடையது என்கிறார். வாஞ்சியின் கடிதத்தில் சனாதன தருமத்துக்கு நேர்ந்த இழிவும் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டலுமே மையமாக உள்ளன. எனவே ஆஷ் தனிமனிதராக அன்றி, பேரரசின் அடையாளமாகவே இலக்காக்கப்பட்டார் எனலாம். நாட்டு விடுதலை வேட்கையும் சாதி, சமயத் தூய்மையுணர்வும் ஒரே மனத்தில் இணைந்து இயங்கக்கூடும் என்பதை இக்கடிதம் காட்டுகிறது.

அதிகாரம்: இதே அளவுகோல் ஆட்சியாளருக்கும் பொருந்தும். 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளுள் ஒன்றில், பங்கேற்ற 40 பேரில் 26 பேர் கட்டளைக்குப் பணிந்து உச்ச அளவு மின்னதிர்ச்சி அளிக்க முன்வந்தனர் (உண்மையில் மின்சாரம் பாய்ச்சப்படவில்லை). எனினும் ஆஷ் கட்டளையை ஏற்பவர் மட்டுமல்லர். கட்டளையிடும் இடத்திலும் இருந்தவர். ஆகவே கீழ்ப்படிதல் அவரது செயல்களை முழுமையாக விளக்காது.

ஒழுக்க மதிப்பீடு

பிறர் செயலுக்குச் சூழலை விடுத்து அவர் குணத்தையே காரணமாகக் கொள்ளும் போக்கை லீ ராஸ் 1977இல் அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை என்றார். வாஞ்சியைத் தியாகி என்றோ சாதி வெறியர் என்றோ, ஆஷைக் கொடுங்கோலர் என்றோ ஒடுக்கப்பட்டோரின் நண்பர் என்றோ ஒரே சொல்லில் அடக்குவது இப்பிழைக்கு இடந்தரும். ஆயினும் சூழலை விளக்குவது செயலை நியாயப்படுத்துவது ஆகாது.

ஆஷ் கொலை வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னாளில் அவர் துறவியாகி, கருநாடகத்தின் நந்தி மலையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார். ஒருவரின் அரசியல் நடத்தை அவர் வாழ்நாள் முழுவதற்கும் உரிய நிலையான குணம் அன்று என்பதற்கு இது சான்றாகும்.

நினைவுகள்

மணியாச்சி நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி எனப்படுகிறது. ஆஷுக்குத் தூத்துக்குடியில் நினைவு மண்டபமும் பாளையங்கோட்டையில் கல்லறையும் உள்ளன.